பழைய டிராக்டரில் கிளட்ச் மாற்றுவது: ஒரு பிளேட்டுக்காக வண்டியை ஏன் இரண்டாகப் பிரிக்கிறார்கள்?

காரில் கிளட்ச் போனால் மெக்கானிக் அடியில் படுத்துக் கியர்பாக்ஸை மட்டும் இறக்கி வேலையை முடித்துவிடுவார். டிராக்டரில் அது நடக்காது. என்ஜினும் முன்சக்கரமும் ஒரு பக்கம், கியர்பாக்ஸும் பின்சக்கரமும் இன்னொரு பக்கம் என்று முழு வண்டியையும் நடுவில் பிரித்தால்தான் கிளட்ச் கண்ணுக்கே தெரியும். முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பதறும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி பட்டறையில் இரண்டு துண்டாக நிற்கும்.

கிளட்ச் வேலை என்பது பாதிக்கு மேல் இந்தப் பிரித்துச் சேர்க்கும் வேலைதான். பிளேட்டைக் கழற்றிப் புதிதாக மாட்டுவது அதில் சின்னப் பகுதி. இது புரிந்துவிட்டால், எதைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டும், பிரித்த பிறகு எதையெல்லாம் சேர்த்து மாற்றிவிட வேண்டும், எங்கே அவசரப்படக்கூடாது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். உங்கள் கையாலேயே செய்யப் போகிறீர்களோ, மெக்கானிக்கிடம் விட்டுப் பக்கத்தில் நிற்கப் போகிறீர்களோ, இரண்டுக்கும் இது உதவும்.

எடுத்துக்காட்டுக்கு மேஸி ஃபெர்குசன் 1035 வண்டியை வைத்துக்கொள்கிறேன். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி, மூன்று சிலிண்டர் சிம்சன் என்ஜின். தமிழ்நாட்டில் இது இல்லாத ஊர் அரிது. மற்ற பழைய வண்டிகளிலும் அடிப்படை இதேதான். போல்ட் இருக்கும் இடமும் அளவுகளும்தான் மாறும்.

கிளட்ச் உள்ளே என்ன நடக்கிறது

என்ஜினின் பின்பக்கம் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. என்ஜின் ஓடும்வரை அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு நேர் பின்னால் கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட். இரண்டையும் நிரந்தரமாக இணைத்துவிட்டால் கியர் மாற்ற முடியாது, வண்டியை நிறுத்த என்ஜினையே அணைக்க வேண்டியிருக்கும். அதனால் வேண்டும்போது இணைக்கவும் வேண்டாதபோது பிரிக்கவும் நடுவில் ஒரு ஏற்பாடு வேண்டும். அதுதான் கிளட்ச்.

கிளட்ச் பிளேட் என்பது வட்டமான தகடு. இரண்டு முகத்திலும் உராய்வுப் பொருளை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அதை ஃபேசிங் என்றும் லைனிங் என்றும் சொல்வார்கள். பிளேட்டின் நடுவில் பல் வெட்டிய துளை இருக்கும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்கள் அதற்குள் போய் உட்காரும். இந்தப் பற்களுக்கு ஸ்ப்லைன் என்று பெயர். பிளேட்டுக்குப் பின்னால் பிரஷர் பிளேட், அதில் வலுவான ஸ்பிரிங்குகள். நீங்கள் பெடலைத் தொடாதபோது இந்த ஸ்பிரிங்குகள் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கின்றன. இரண்டு உள்ளங்கைகளையும் இறுக்கி அழுத்திக்கொண்டு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், மற்றதும் கூடவே திரும்பும். என்ஜின் விசை பின்சக்கரத்துக்குப் போவது இப்படித்தான்.

பெடலை மிதித்தால் ஒரு ஃபோர்க் அசைந்து ரிலீஸ் பேரிங்கை முன்னால் தள்ளும். அது பிரஷர் பிளேட்டில் இருக்கும் ஃபிங்கர்களை அழுத்தும். ஃபிங்கர்கள் நெம்பி ஸ்பிரிங் அழுத்தத்தை விலக்கும். பிளேட் விடுபட்டு நிற்கும், ஃப்ளைவீல் தன்பாட்டுக்குச் சுற்றும். அவ்வளவுதான் விஷயம்.

இதிலிருந்தே தேய்மானம் எப்போது நடக்கிறது என்பது தெரிந்துவிடும். முழுதாக அழுந்தியிருக்கும்போது பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன, வழுக்கித் தேய்வதே இல்லை. முழுதாக விலகியிருக்கும்போதும் இல்லை. அரைகுறையாகப் பிடித்திருக்கும் அந்த இடைநேரத்தில்தான் பிளேட் தேய்கிறது, சூடாகிறது. சாதாரணமாக அது ஓரிரு நொடி. காலைப் பெடல்மேலேயே வைத்து ஓட்டுபவருக்கு அது நாள் முழுவதும்.

இரட்டைக் கிளட்ச்

இதில்தான் பல பேருக்குக் குழப்பம் வருகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் 1946 முதல் 1956 வரை தயாரான பழைய ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் ஒரே கிளட்ச்தான். பெடலை மிதித்தால் சக்கரம் நிற்கும், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டும் நிற்கும். ஃபெர்குசன் அமைப்பில் ஹைட்ராலிக் பம்பும் அந்த பி.டி.ஓ. வழியாகவே ஓடுவதால் லிஃப்ட்டும் நின்றுவிடும். வரப்போரம் வண்டியை நிறுத்திக் கலப்பையைத் தூக்கலாம் என்று கிளட்சை மிதித்தால் கலப்பை மேலே வராது. பி.டி.ஓ.வில் ஓடும் கருவியை இழுக்கும்போது இது இன்னும் பெரிய தொல்லை. கருவி அடைத்துக்கொண்டால் வண்டியை மட்டும் நிறுத்திக் கருவியை ஓடவிட்டுத் தெளியவைக்க வேண்டும். ஒற்றைக் கிளட்சில் அதற்கு வழியில்லை.

1950களின் நடுவில் வந்த ஃபெர்குசன் 35 வரிசை வண்டிகளில் இதற்குத் தீர்வாக இரட்டைக் கிளட்ச் வந்தது. நம் 1035 அந்த வழி வந்ததுதான். இதில் ஒரே கூட்டுக்குள் இரண்டு பிளேட். பெரியது சக்கரத்துக்கு, சிறியது பி.டி.ஓ.வுக்கு. ஷாஃப்ட்டும் இரண்டு. உள்ளே ஒன்று, அதைச் சுற்றிக் குழாய் மாதிரி இன்னொன்று. பெடலைப் பாதிவரை மிதித்தால் சக்கரம் மட்டும் விடுபடும், பி.டி.ஓ.வும் லிஃப்ட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பாதியில் காலுக்குக் கொஞ்சம் கூடுதல் பாரம் தெரியும். அதையும் தாண்டி அடிவரை மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும்.

எல்லா 1035 வண்டியிலும் இரட்டைக் கிளட்ச் கிடையாது, ஒற்றைக் கிளட்ச் வண்டிகளும் ஓடுகின்றன. பழைய வண்டி வாங்கியவர்கள் உதிரிபாகக் கடைக்குப் போவதற்குமுன் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்தி, பின்னால் பாரம் மாட்டி, லிஃப்ட்டைத் தூக்கவிட்டுக்கொண்டே பெடலை மெதுவாக மிதியுங்கள். பாதியைத் தாண்டியும் லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்து, அடிவரை போனதும் நின்றால் இரட்டை. தொடக்கத்திலேயே நின்றுவிட்டால் ஒற்றை.

பிரித்தால்தான் வழி, ஏன்?

லாரிக்கு அடியில் சட்டம் (சேசிஸ்) இருக்கிறது, இன்றைய பெரும்பாலான கார்களில் உடற்கூடே அந்த வேலையைச் செய்கிறது. என்ஜினையோ கியர்பாக்ஸையோ கழற்றினாலும் வண்டி அதன் பலத்தில் நிற்கும். இந்த வகை டிராக்டரில் சட்டமே கிடையாது. என்ஜின் உடம்பு, கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின்னால் டிஃபரன்ஷியல் கூடு எல்லாமே வார்ப்பிரும்பு. அவற்றை வரிசையாகப் போல்ட் போட்டு இணைத்தால் அதுவே வண்டியின் முதுகெலும்பு. 1917இல் ஃபோர்டு நிறுவனம் ஃபோர்ட்சன் டிராக்டரைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியபோது இந்த அமைப்பு உலகம் முழுக்கப் பரவியது. மலிவு, உறுதி, சேறும் தூசியும் உள்ளே போகாது. விலையாகக் கொடுத்தது ஒன்றுதான்: கிளட்ச் அந்த முதுகெலும்பின் மூட்டுக்குள் மாட்டிக்கொண்டது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் மூட்டைக் கழற்றுகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவனமெல்லாம் அதற்குத்தான்.

பிரிப்பதற்கு முன்

கிளட்ச் நோய் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ஸ்லிப்: என்ஜின் உறுமுகிறது, வண்டி அந்த அளவுக்கு இழுக்கவில்லை. கரும்பு டிரெய்லரோடு மேடு ஏறும்போது தெரியும், கூடவே கருகல் வாடை வரும். இன்னொன்று கிளட்ச் 'கட்' ஆகாமல் இருப்பது: பெடலை அடிவரை மிதித்தும் பிளேட் விலகுவதில்லை, கியர் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. முதலாவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த பிளேட்டோ எண்ணெய் பட்ட பிளேட்டோ காரணம். இரண்டாவதற்குப் பெடல் அட்ஜஸ்ட்மென்ட், வளைந்த பிளேட், துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பிளேட் என்று பல காரணம் இருக்கலாம்.

ஸ்லிப் ஆகிறதா என்று சந்தேகம் இருந்தால் சமதளத்தில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், பிரேக்கை நன்றாகப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் திணறி நின்றுபோகும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. உடனே பெடலை மிதித்துவிடுங்கள். திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டாம், ஒவ்வொரு சோதனையும் பிளேட்டைச் சுடும். வண்டி நன்றாக இழுக்கிறது, ரோட்டவேட்டர் மட்டும் பாரம் வந்ததும் படுத்துவிடுகிறது என்றால் இரட்டைக் கிளட்சில் பி.டி.ஓ. பிளேட்டைச் சந்தேகப்படலாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். பெடலைக் கையால் அழுத்தினால் தொடக்கத்தில் கொஞ்சதூரம் லேசாகப் போக வேண்டும், அப்புறம்தான் பாரம் தெரிய வேண்டும். இதை ஃப்ரீ ப்ளே என்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் சுமார் ஒரு அங்குலத்தை ஒட்டி இருக்கும், துல்லியமான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய ஃபிங்கர்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகரும், அதனால் இந்த ப்ளே குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் முழுதும் காணாமல் போய், நீங்கள் மிதிக்காமலேயே பெடலைக் கொஞ்சம் மிதித்த நிலைதான் எப்போதும். அப்போது நல்ல பிளேட்கூட வழுக்கும். வெளியே இருக்கும் ராடில் நட்டைத் திருகி ப்ளேயைச் சரிசெய்தாலே சில வண்டிகள் இன்னும் ஒரு பருவம் ஓடிவிடும். இதைப் பார்க்காமல் வண்டியைப் பிரித்தவர்கள் நிறைய. மனசு கஷ்டமாக இருக்கும் பார்க்க.

அடுத்தது, வண்டிக்குக் கீழே குனிந்து கிளட்ச் ஹவுசிங்கின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரு சின்னத் துளை இருக்கும். பல வண்டிகளில் அந்தத் துளையில் ஒரு ஸ்ப்ளிட் பின் தளர்வாகத் தொங்கும். ஏதோ போல்ட் கழன்றுபோய் மிச்சம் தொங்குகிறது என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். வண்டி அதிர அதிர அந்தப் பின் ஆடி, துளையைச் சேறு அடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. உள்ளே கசியும் எண்ணெயும் நீரும் அந்த வழியாகத்தான் வெளியேறும். அங்கே கறுப்பாக, நீர்த்தாற்போல் எண்ணெய் சொட்டினால் என்ஜின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கிறது. கொஞ்சம் தடிப்பாக, என்ஜின் எண்ணெயின் கறுப்பு இல்லாமல் வந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல். தொளி உழவு முடிந்த கையோடு பார்த்தால் சில நேரம் சேற்று நீரே சொட்டும். எது சொட்டியது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் ஏன் போனது என்பதற்கான முதல் துப்பு அதுதான். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பிரிக்கும் வேலை

தளம் சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், கான்கிரீட் என்றால் நல்லது. மண் தரையில் ஜாக்கி அமிழ்ந்து, நடுவேலையில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மரக்கிளையில் செயின் பிளாக் கட்டி என்ஜினைத் தொங்கவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். பானெட், புகைக்குழாய், ஒயர்கள், டீசல் குழாய்கள், ஆக்சிலரேட்டர் ராடு, மீட்டர் கேபிள் என்று முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஸ்டீயரிங் பெட்டி பின்பாதியில் இருக்கும் வண்டிகளில் சக்கரத்துக்குப் போகும் ராடுகளையும், முன் அச்சிலிருந்து பின்னால் வரும் ரேடியஸ் ராடுகளையும் விடுவிக்க வேண்டும். ஒயர் ஒவ்வொன்றிலும் துணி நாடா கட்டி எழுதிவைத்தாலோ, கழற்றுவதற்குமுன் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டாலோ சேர்க்கும் நாளில் நிம்மதி.

இப்போது முக்கியமான இடம். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில்தான் மாட்டியிருக்கிறது. வயலில் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கத்தான் அந்த ஏற்பாடு. வண்டி முழுதாக இருக்கும்போது பின்சக்கரங்கள் நிமிர்த்திப் பிடிப்பதால் கவலையில்லை. பிரித்த நொடியில் முன்பாதி அந்த ஒற்றைப் பின்னின்மேல் நிற்கிறது, பக்கவாட்டில் சாய அதைத் தடுக்க எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள என்ஜின் அப்படியே உருண்டு விழும். அதனால் ஒரு போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே, அச்சுக்கும் அதன்மேல் இருக்கும் தாங்கிக்கும் இடையில் இரண்டு பக்கமும் கெட்டியான மர ஆப்பு அடித்து இறுக்கிவிட வேண்டும். காய்ந்த வேம்போ கருவேலமோ நல்லது. மட்டமான பலகைத் துண்டு நசுங்கிவிடும். ஆப்பு அடித்தபின் என்ஜின் பக்கம் கைவைத்துக் குலுக்கிப் பாருங்கள், அசைவே இருக்கக்கூடாது. மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தாலும் இதை மட்டும் நீங்களே பார்த்துவிட்டு நகருங்கள்.

முன்னால் எடைக்கட்டிகள் மாட்டியிருந்தால் அவற்றையும் கழற்றுங்கள். இல்லையென்றால் பிரிந்ததும் மூக்கு கீழேயும் என்ஜின் வால் மேலேயும் போகப் பார்க்கும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. கியர்பாக்ஸுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்ட். என்ஜினுக்குக் கீழே சக்கரம் வைத்த ஜாக்கி, நடுவில் மரப்பலகை. என்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியைச் சம்ப் என்பார்கள்; வார்ப்பிரும்பு சம்ப் என்றால் பாரம் தாங்கும், தகட்டுச் சம்ப் என்றால் அங்கே ஜாக்கியே வைக்கக்கூடாது, ஓட்டையாகிவிடும்.

பிறகு மூட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை எடுத்துவிட்டு முன்பாதியை அதன் சக்கரத்திலேயே நேராக முன்னால் உருட்ட வேண்டும். ஸ்டீயரிங் இணைப்பு இல்லாததால் முன்சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பும், ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஷாஃப்ட் முழுதாக வெளியே வரும்வரை சரிவே இருக்கக்கூடாது. ஆள் உள்ளே நின்று வேலை செய்யும் அளவுக்கு இடைவெளி வந்ததும் முன்பாதிக்கும் ஸ்டாண்ட் வைத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி நடுவில் யாரும் நிற்கக்கூடாது.

உள்ளே பார்க்க வேண்டியவை

ஹவுசிங்குக்குள் கரும்பொடி படிந்திருக்கும். பழைய ஃபேசிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், அந்தப் பொடி நுரையீரலுக்குக் கேடு. கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுத்து, மூக்கையும் வாயையும் நல்ல மாஸ்க்கால் மூடிக்கொள்ளுங்கள்.

பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விடுவித்தால் ஸ்பிரிங் அழுத்தத்தில் கூடு வளைந்துவிடும். இரட்டைக் கிளட்ச் கூட்டை மேற்கொண்டு பிரிப்பது அனுபவமும் பிரஸ் கருவியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. உள்ளே ஸ்பிரிங்குகள் அழுந்திக் காத்திருக்கின்றன.

பழைய பிளேட்டை உடனே ஓரமாக வீசிவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரிவெட் தலைகள் ஃபேசிங்குக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன? மேற்பரப்போடு சமமாக வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகும் ஓட்டியிருந்தால் ஃப்ளைவீல் முகத்தில் ரிவெட் கீறிய வட்டக் கோடுகள் நகத்தில் தட்டுப்படும். ஃபேசிங் நிறைய மிச்சம் இருந்தும் மேலே பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தால் அதிகச் சூடு. கறுத்து, தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டினால் எண்ணெய். பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடி போடுவதைச் சிலர் செய்கிறார்கள். ஃபேசிங் குடித்த எண்ணெய் முழுதாக வெளியே வராது, சூடேறியதும் திரும்பக் கசியும். நடுவில் உள்ள ஸ்ப்லைன் துளையையும் பாருங்கள், பற்கள் படிபடியாகத் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட்டின் பற்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகளோ மெல்லிய வெடிப்புகளோ தெரிந்தால் லேத்துக்குக் கொடுத்து முகத்தைச் சீராக்க வேண்டும். ஆழமான வெடிப்பு என்றால் மாற்றுவதே சரி. ஸ்டார்ட்டர் கடிக்கும் ரிங் கியரின் பற்களையும் இப்போதே பார்த்துவிடலாம். ஃப்ளைவீல் நடுவில் பைலட் பேரிங் இருக்கிறது, ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்குவது அதுதான். அதைக் கழற்ற இடுக்கே இருக்காது. பேரிங்குக்குப் பின்னால் கிரீஸை அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புத் தண்டை வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். கிரீஸுக்குப் போக வேறு இடமில்லாததால் பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். பார்க்கவே அழகான வேலை.

வண்டியைத் திறந்தாயிற்று, இனி கஞ்சத்தனம் வேண்டாம். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கசிவு இருக்கும் சீல்கள், ஃபோர்க் ஷாஃப்ட்டின் தேய்ந்த புஷ்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரு சின்னப் பேரிங்குக்காக அடுத்த வருடம் இதே வேலையை முழுதாகச் செய்ய வேண்டிவரும். மூடிய வகை ரிலீஸ் பேரிங்கை டீசலில் ஊறப்போட்டுக் கழுவக்கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துபோகும், திரும்ப அடைக்க வழியில்லை.

புதுப் பிளேட் வாங்கும்போது பழையதையும் கையோடு எடுத்துப் போங்கள். விட்டம், ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கை, நடுப்பகுதியின் உயரம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும். கடையிலேயே இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பழைய தகட்டிலேயே புது ஃபேசிங் அடித்துத் தருபவர்களும் உண்டு. தகடு வளையாமலும் ஸ்ப்லைன் தேயாமலும் இருந்தால் அது தவறில்லை.

திரும்பச் சேர்ப்பது

பிளேட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டிய பக்கத்தில் எழுத்து அடித்திருப்பார்கள், இல்லையென்றால் கழற்றும்போது எப்படி இருந்தது என்ற படத்தைப் பாருங்கள். திருப்பி மாட்டினால் கிளட்ச் விலகாது, முழு வேலையும் வீண். பிரஷர் பிளேட்டை இறுக்குவதற்குமுன் பிளேட்டின் துளை சரியான நடுவில் இருக்க வேண்டும். பட்டறைகளில் இதற்கு ஒரு டம்மி ஷாஃப்ட் வைத்திருப்பார்கள், பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் துண்டும் உதவும். அதைப் பிளேட் வழியாகப் பைலட் பேரிங்கில் நிற்கவைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கியபின் உருவிக்கொள்ள வேண்டும். ஃபிங்கர்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து சரிசெய்ய வேண்டும். இரட்டைக் கிளட்சில் பி.டி.ஓ. பக்கத்து அட்ஜஸ்ட்மென்டுக்கும் தனி இடைவெளி உண்டு, ஃபீலர் கேஜ் வைத்துக் கையேட்டு அளவுக்கு அமைக்க வேண்டும். கண்ணளவில் செய்யும் வேலை இல்லை இது. ஃபிங்கர் ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்திருந்தால் கிளட்ச் விடும்போது வண்டி உதறி உதறிக் கிளம்பும். ஸ்ப்லைனில் கிரீஸை மெலிதாகத் தடவினால் போதும், அதிகமானால் சுற்றும்போது தெறித்துப் புது ஃபேசிங்கில் போய் ஒட்டும்.

சேர்க்கும் நேரத்தில் தேவைப்படுவது பொறுமை மட்டும்தான். தலை வெட்டிய இரண்டு நீள போல்ட்டுகளை வழிகாட்டியாகத் திருகிவைத்து, முன்பாதியை மெல்ல உருட்டிக் கொண்டுவருவார்கள். ஷாஃப்ட்டின் பற்கள் பிளேட்டின் பற்களுக்குள் தானாகப் போகாது. வண்டியைக் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், அல்லது என்ஜின் புல்லியைத் திருப்ப வேண்டும். இரட்டைக் கிளட்ச் என்றால் பி.டி.ஓ. ஷாஃப்ட்டையும் தனியாகத் திருப்பி இரண்டாவது பற்களையும் இணைக்க வேண்டும். கடைசியில் அரை அங்குல இடைவெளியில் வந்து நிற்கும். அப்போதுதான் உதவிக்கு நிற்கும் பையன் கேட்பான், "அண்ணே, போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துரலாமா?"

"வேணாம் தம்பி. தானா வரணும். இன்னும் கொஞ்சம் சக்கரத்தைத் திருப்பு."

நல்ல மெக்கானிக் இப்படித்தான் சொல்வார். அந்த இடைவெளி இருக்கிறது என்றால் ஏதோ ஒரு பல் இன்னும் உட்காரவில்லை, அல்லது இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் இல்லை என்று அர்த்தம். போல்ட்டால் இழுத்தால் புதுப் பிளேட் வளையும், ஹவுசிங்கின் காதுகூட உடையும். ஜாக்கியை நூலளவு ஏற்றி இறக்கி, மேலேயும் கீழேயும் இடைவெளி சமமா என்று பார்த்து, திரும்பத் திருப்பினால் டக்கென்று உட்கார்ந்துவிடும். அப்புறம் போல்ட், முறுக்கு, இணைப்புகள். ஆப்புகளை எடுப்பது கடைசியில்.

ஓட்டத் தொடங்கியபின்

பெடல் ஃப்ரீ ப்ளேயை அமைத்துவிட்டு, சாதாரண வேகத்தில் கியர் அரைக்காமல் விழுகிறதா, இரட்டைக் கிளட்ச் என்றால் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நின்று பி.டி.ஓ. ஓடுகிறதா, அடிவரை போனால் அதுவும் நிற்கிறதா என்று பாருங்கள். முதல் சில நாள் பாரம் அதிகமில்லாத வேலை கொடுங்கள். புது ஃபேசிங் ஃப்ளைவீலோடு படிந்து உட்காரும்போது கொஞ்சம் தேயும், அதனால் ப்ளே குறையும். முதல் உழவு முடிந்ததும் மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டாவது அளவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புதுக் கிளட்ச் சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டும்போது காலைப் பெடலிலிருந்து எடுத்துக் கால்மிதியில் வையுங்கள். மேட்டில் நிறுத்த வேண்டுமானால் பிரேக்கைப் பிடியுங்கள், அரைக்கிளட்சில் தாங்காதீர்கள். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதியிலேயே நீண்ட நேரம் பிடித்துக்கொண்டு ரோட்டவேட்டரை ஓடவிடும் பழக்கம் ரிலீஸ் பேரிங்கைத் தின்றுவிடும். கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்பதென்றால் நியூட்ரல் போட்டுவிடலாம்.

தொளி உழவு முடிந்த வண்டியை அடுத்த பருவம்வரை அப்படியே நிறுத்தினால் உள்ளே போன ஈரத்தில் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை ஸ்டார்ட் செய்து கிளட்சை மிதித்தால் கியரே விழாது. அதனால் உழவு முடிந்ததும் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றி உலரவிட்டு, அடித்துளை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள். பெடலைக் கீழே பூட்டிவைக்கும் கொக்கி இருக்கும் வண்டிகளில் அதை மாட்டிவிடலாம். இல்லாத வண்டிகளில் பெடலை மிதித்த நிலையில் ஒரு கட்டையை அண்டக்கொடுத்து வைப்பார்கள். பிளேட் ஃப்ளைவீலைத் தொடாமல் விலகியே இருக்கும். மறுபடி எடுக்கும் நாளில் சாவியைத் தொடுவதற்குமுன் அந்தக் கட்டையை எடுத்துவிட்டுக் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.